ஐஎஸ்38 டர்போ மாத்தின பிறகு கோல்ட் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்': டேப்பெட்டா, பேரிங்கா?

பொள்ளாச்சி_ஆர்எஸ்
வணக்கம்ங்க. வண்டி 2018 ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2.0 டிஎஸ்ஐ, இஏ888 மூன்றாம் தலைமுறை என்ஜின். 62,000 கி.மீ. ஓடியிருக்கு. போன மாசம் வெளி ஒர்க்‌ஷாப் ஒண்ணுல ஐஎஸ்20 டர்போவை எடுத்துட்டு அதைவிடப் பெரிய ஐஎஸ்38 டர்போ, 3 இன்ச் டவுன்பைப் (டர்போவிலிருந்து கீழே போற எக்ஸாஸ்ட் பைப்), ஒரு படி கோல்டான (சூட்டை வேகமாக் கடத்தற) ஸ்பார்க் பிளக், மேப் (என்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது செட்டிங்) எல்லாம் போட்டாங்க. ஆயில் 5டபிள்யூ-40, ஃபோக்ஸ்வாகனோட 502 00 தரம்.

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தடுப்பு) பக்கம் நல்லா அழுத்தமா 'டிக் டிக்'. ஆக்சிலரேட்டர் கொடுத்தா அதுவும் கூடவே வேகமாகுது. அஞ்சு நிமிஷத்துல பாதியாக் குறைஞ்சு, டெம்பரேச்சர் 90 வந்ததும் ஏறக்குறைய இல்ல. சூடான பிறகு ஐடிலிங்கில் வேற மாதிரி ஒரு மெல்லிய 'டக் டக்', இது விட்டு விட்டு வருது. ஸ்கேன் பண்ணினா ஃபால்ட் கோட் இல்ல, ஐடிலிங்கில் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானாக் கூட்டிக் குறைக்கற பெட்ரோல் அளவு) மட்டும் +9%.

ஒருத்தர் ஹைட்ராலிக் டேப்பெட் (வால்வ் இடைவெளியை ஆயில் பிரஷரால் சரி பண்ற பாகம்) 16-ம் மாத்தணும், ஹெட்டை இறக்கணும்னு சொல்றார். இன்னொருத்தர் கான்ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோட இணைக்கற தண்டு) பேரிங்னு சொல்றார். எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

வால்வ்டிரெயின்
ஹெட்டைத் தொடாதீங்க சார். டேப்பெட்டாவே இருந்தாலும் இந்த என்ஜினில் அதுக்கு ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. கேம்ஷாஃப்ட் ரெண்டையும் கழட்டினா போதும். அதுக்கு டைமிங் செயினைத் தளர்த்தணும், லாக்கிங் டூல் வேணும். சின்ன வேலை இல்லை, ஆனா ஹெட் வேலையும் இல்லை.

முதல்ல சத்தத்தை எண்ணுங்க. போனில் ரெக்கார்ட் பண்ணி, ஏதாவது ஆடியோ எடிட்டரில் திறந்தா ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு முள்ளா நிக்கும். 10 விநாடியில் எத்தனை முள், அப்போ ஆர்பிஎம் எவ்வளவு, ரெண்டும் வேணும். ஆர்பிஎம்மை ஸ்கேனரில் பாருங்க, மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம்.

கணக்கு இதுதான். ஒரு வால்வ், ஒரு டேப்பெட், ஒரு இன்ஜெக்டர், ஒரு சிலிண்டரோட பிளக் லீக், இதெல்லாம் கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவை சத்தம் போடும். அதனால ஆர்பிஎம்மை 120-ஆல் வகுத்தா ஒரு விநாடிக்கான எண்ணிக்கை. பேரிங், பிஸ்டன் பின் மாதிரி அடிப்பக்கச் சத்தம் பெரும்பாலும் கிராங்கோட வேகத்தில் வரும், 60-ஆல் வகுங்க. ஹை பிரஷர் பம்பை ஓட்டற கேமுக்கு நாலு முகடு இருக்கு, நாலு இன்ஜெக்டரும் சேர்ந்தாலும் அதே எண்ணிக்கைதான். அது 30-ஆல் வகுக்கறது.

ஸ்பானர்செட்
எண்ணும்போது எது நார்மல் சத்தம்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும் ப்ரோ. இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளேயே போகும், 200 பார் வரைக்கும் பிரஷர். இன்ஜெக்டர் ஊசி அடிக்கற சத்தம் எப்பவும் கேக்கும், தையல் மெஷின் மாதிரி சீரா, மெல்லிசா. பானெட்டைத் திறந்தா கேக்கும், மூடிட்டு உள்ளே உக்காந்தா கேக்கக் கூடாது. ஹை பிரஷர் பம்ப் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது நம்ம ஊர் வண்டியில் இடது பக்கம் இருக்கும். அதுவும் டிக்கும்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வெச்சு, முனையை ஒவ்வொரு இடமா வைங்க: வால்வ் கவரோட நாலு மூலை, பம்ப் உடம்பு, வலது பக்கம் செயின் கவர், கீழே ஆயில் சம்ப் விளிம்பு. பெல்ட் பக்கம் முழுக்கைச் சட்டை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது. அடுத்து ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸை ஒரு முனை காதில், மறு முனை எதையும் தொடாம டர்போவைச் சுத்திக் கொண்டு போங்க. உலோகம் தட்டற சத்தம் ஸ்க்ரூ டிரைவரில்தான் தெளிவாக் கேக்கும். காத்து கசியற சத்தம் ஹோஸில் 'ப்சுக் ப்சுக்'னு கேக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சுட்டாலே வேலை பாதி முடிஞ்சுது.

பொள்ளாச்சி_ஆர்எஸ்
இன்னிக்குக் காலையில எடுத்தேங்க. ஆர்பிஎம் 1,180. 10 விநாடியில் 196 முள். ஹோஸில் டர்போவுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல, கீழ்ப்பக்கம் பலமா 'ப்சுக்'. ஸ்க்ரூ டிரைவரில் வால்வ் கவரில் இன்ஜெக்டர் சத்தம் மட்டும்தான்.

நாக்_கவுண்ட்
1,180-ஐ 60-ஆல் வகுத்தா 19.7. அப்ப 10 விநாடிக்கு 196. இது கிராங்க் வேகம்! பேரிங்தான் போல. வண்டியை எடுக்காதீங்க.

வால்வ்டிரெயின்
கணக்கு சரி, முடிவு அவசரம். இந்த என்ஜினில்தான் அந்த எண் ஏமாத்தும்.

மூன்றாம் தலைமுறையில் தனியா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கிடையாது. அது ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கு, சுத்தி கூலன்ட் ஓடும். உள்ளே 1-ம் 4-ம் ஒரு வழி, 2-ம் 3-ம் இன்னொரு வழின்னு பிரிஞ்சு டர்போ வாசல் வரைக்கும் வருது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. 1-க்கும் 4-க்கும் நடுவில் சரியா ஒரு கிராங்க் சுத்து, 2-க்கும் 3-க்கும் அப்படியேதான். அதனால டர்போ கேஸ்கெட் ஒரு வழிப் பக்கம் மட்டும் விட்டிருந்தா, ஒரு சுத்துக்கு ஒரு 'டிக்' வரும். பேரிங் போடற அதே தாளம்! ஒரே ஒரு டேப்பெட் போயிருந்தா 98 முள்தான் வந்திருக்கணும். அதனால டேப்பெட் கதை இங்கேயே விழுந்துடுது.

அப்போ பேரிங்கா லீக்கான்னு பிரிக்கறது எண் இல்லை, சூடு. கான்ராட் பேரிங் தேய்ஞ்சிருந்தா, ஆயில் சூடாகி இளகும்போது சத்தம் கூடும். கோல்டில் கெட்டியா இருக்கற ஆயில் அதை மூடி மறைக்கும். உங்க வண்டியில் தலைகீழா நடக்குது. டர்போ ஃபிளாஞ்ச் (ஹெட்டோட சேர்ற இணைப்பு முகம்) சூடாகி விரிஞ்சு இடுக்கை அடைக்குது, சத்தம் போயிடுது. ட்ரிம் +9% இருக்கறதும் இதோட ஒத்துப்போகுது. ரெண்டு துடிப்புக்கு நடுவில் அந்த இடுக்கு வெளிக்காத்தை உள்ளே இழுக்கும், அந்த இடுக்கைத் தாண்டி டர்போ உடம்பிலேயே இருக்கற லாம்ப்டா சென்சார் (எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜனை அளக்கறது) அதை லீன், அதாவது பெட்ரோல் குறைவுன்னு படிச்சு பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். இன்டேக் பக்கம் வாக்குவம் லீக் இருந்தாலும் ட்ரிம் ஏறும்தான். ஆனா அது டிக்காது, உஸ்ஸுன்னு ஒரே சீரா இழுக்கும்.

மனசு கேக்கலைன்னா ஆயில் ஃபில்டரைக் கழட்டி, காகித மடிப்பை பிளேடில் வெட்டி விரிச்சு வெயிலில் பாருங்க. பேரிங் உதிர்ந்தா மினுமினுன்னு பொடி தெரியும். காந்தத்தை மட்டும் நம்பாதீங்க, பேரிங் மேல்பூச்சு காந்தத்தில் ஒட்டாது.

நாக்_கவுண்ட்
1-4 பிரிவைக் கணக்கில் எடுக்கலை, நீங்க சொல்றது சரி சார். ஒண்ணு சேர்க்கறேன்: லீக் உறுதியாகற வரை ஃபுல் த்ராட்டில் வேண்டாம். டர்பைனுக்கு (எக்ஸாஸ்ட் வாயு சுத்தற டர்போ சக்கரம்) முன்னாடி கசிஞ்சா, கேட்ட பூஸ்ட் கிடைக்கலைன்னு இசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், வேஸ்ட்கேட்டை (டர்பைனைத் தவிர்த்து வாயுவை வெளியே விடற கதவு) இன்னும் மூடும். டர்போ தேவைக்கு மேல சுத்தும். பழைய டேட்டா லாக் (ஸ்கேனர் பதிவு) இருந்தா பாருங்க, 3,000 ஆர்பிஎம் சுத்தி கேட்ட பூஸ்ட்டுக்கும் வந்த பூஸ்ட்டுக்கும் இடைவெளி விழுந்திருக்கும்.

ஸ்பானர்செட்
உறுதி பண்ண சோப்புத் தண்ணி போதும். என்ஜின் முழுசா ஆறியிருக்கணும். வாக்குவம் கிளீனரை ஊதற பக்கம் மாத்தி ஒரு டெயில்பைப்பில் துணி சுத்தி வைங்க, இன்னொண்ணை ஈரத்துணியால் அடைங்க. டர்போ-ஹெட் இணைப்பிலும் டவுன்பைப் கிளாம்ப்பிலும் ஸ்ப்ரே பண்ணுங்க. டர்போ பின்பக்கம் இருக்கறதால நேராக் கண்ணுக்குத் தெரியாது. கேமரா ட்யூப் இருந்தா நல்லது, இல்லைன்னா போனை வீடியோவில் போட்டுக் கீழே இறக்குங்க. நுரை வர்ற இடத்துக்குப் பக்கத்தில் கரிப்படிவு விசிறி மாதிரி இருந்தா சந்தேகமே இல்லை.

பொள்ளாச்சி_ஆர்எஸ்
நுரை வந்துருச்சுங்க. டர்போ-ஹெட் இணைப்பில் கீழ் மூலை. கரியும் விசிறி மாதிரியே இருக்கு. டவுன்பைப் கிளாம்ப்பில் ஒண்ணும் இல்ல. ஆனா டவுன்பைப்பை பிளாக்கோட பிடிக்கற பிராக்கெட்டே மாட்டல. ஃபில்டர் காகிதம் சுத்தம்.

ஸ்பானர்செட்
அந்த பிராக்கெட்தான் காரணம், அல்லது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பாங்க. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பிராக்கெட் இல்லைன்னா பைப்போட எடையும் என்ஜின் ஆட்டமும் டர்போ நட் மேலேயே தொங்கும்.

நட்டை மட்டும் இறுக்கி விட்டுடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க ப்ரோ. ஒரு தடவை கசிஞ்ச கேஸ்கெட்டில் சூடான வாயு வரி போட்டிருக்கும், அது திரும்ப அடையாது. டர்போவை இறக்கி, ஹெட் முகத்தையும் டர்போ ஃபிளாஞ்சையும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சுப் பாருங்க. 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கேயாவது நுழைஞ்சா முகத்தைச் சமன் பண்ணணும். ஸ்டட் இழை நீண்டிருந்தா அதையும் மாத்துங்க. கேஸ்கெட் புதுசு, செல்ஃப் லாக்கிங் நட் புதுசு, இழையில் ஹை டெம்பரேச்சர் பேஸ்ட். நட்டை எல்லாம் கையால் உக்காரவெச்சு, குறுக்கு வரிசையில் ரெண்டு மூணு கட்டமா டார்க் ரெஞ்சில் இறுக்கணும்.

டவுன்பைப் மாட்டற வரிசையில்தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பின்பக்க இணைப்பை முதல்ல இறுக்கினா பைப் டர்போவைப் பக்கவாட்டில் இழுக்கும். எல்லாத்தையும் தளர்வாத் தொங்கவிட்டு, டர்போ கிளாம்ப்பைச் சுத்திலும் ரப்பர் சுத்தியலால் லேசாத் தட்டிக்கிட்டே முதல்ல இறுக்குங்க. அடுத்து பின் இணைப்பு, கடைசியா பிராக்கெட். பிராக்கெட் துளை பொருந்தலைன்னா துளையை நீட்டுங்க, பைப்பை வளைச்சு இழுக்காதீங்க.

ஆயில், கூலன்ட் பைப் வாஷர், ஆயில் ரிட்டர்ன் கேஸ்கெட் எல்லாம் புதுசு. டர்போ ஆயில் துளையில் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊத்தி, ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைக் கழட்டிட்டு 10 விநாடி கிராங்க் பண்ணி, பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. கூலன்ட்டில் காத்து எடுக்க மறக்க வேண்டாம்.

பொள்ளாச்சி_ஆர்எஸ்
எல்லாம் அதே மாதிரி செஞ்சாச்சுங்க. கேஸ்கெட்டில் 2-3 பக்கம் கருகி ஒரு கோடு ஓடியிருந்துது. மூணு நாளா காலையில் சத்தமே இல்ல, ட்ரிம் +2%. சூடான பிறகு வர்ற அந்த 'டக் டக்' மட்டும் இருக்கு.

வால்வ்டிரெயின்
அந்த 'டக் டக்' 1,500 ஆர்பிஎம்மில் பிடிச்சாலும் வேகம் மாறலைன்னா என்ஜினோட சுழற்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இன்டேக் பக்கம் இருக்கற என்80, அதாவது பெட்ரோல் டேங்க் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பற பர்ஜ் வால்வ். விரலை வெச்சா துடிப்பு தெரியும். கனெக்டரை உருவினா உடனே நிக்கும். ஒரு ஃபால்ட் கோட் வரும், மாட்டிட்டு அழிச்சுடுங்க. வேலை செய்யும்போது அது டக்குறது இயல்புதான். மாத்தற அவசியம் வர்றது வால்வ் திறந்தபடியே சிக்கினாத்தான். கனெக்டரை உருவி, என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது டேங்க் பக்கம் போற ஹோஸைக் கழட்டி, வால்வ் முனையில் விரலை வைங்க. உறிஞ்சினா வால்வ் மூடலைன்னு அர்த்தம்.

பொள்ளாச்சி_ஆர்எஸ்
1,500-லயும் அதே வேகம்தான். கனெக்டரை உருவினதும் நின்னுது. முனையில் விரல் வெச்சேன், உறிஞ்சல.