மறு: ரிவர்பரேஷன் டைம் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். வகுப்பறைகளைக் கட்டும்போதே ஒலி குழம்பாமல் பார்த்துக்கொள்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒலி நின்றபின் அறைக்குள் அதன் அளவு 60 டெசிபல் இறங்க ஆகும் நேரத்துக்கு என்ன சொல்லலாம்? பதிப்பாசிரியர் 'எதிரொலி நேரம்' என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. எதிரொலி தனியாகத் திரும்பிவருவது. இதுவோ, டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அறையில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுவது.

---

பாடநூலில் 'எதிர்முழக்கம்' இருக்கிறதே. அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

---

முரசு முழங்கும், கடல் முழங்கும், டீச்சர் முழங்குவாரா தம்பி? சிலம்புதல் என்றாலே ஒலித்தல், எதிரொலித்தல். மலைக்கே சிலம்பு என்று பெயர், காலில் கட்டுவதும் ஒலிப்பதால்தான் சிலம்பு. 'சிலம்பல் நேரம்' என்று வையுங்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

---

ஐயா, சிலம்பல் நேரம் என்று அச்சடித்தால் பிள்ளைகள் கம்போடு வந்து நிற்பார்கள். கச்சேரிக்காரர்களிடம் 'கார்வை' இருக்கிறது, சுரத்தை நீட்டி நிறுத்துவது. என் ஓட்டு அதற்கே.

---

கார்வை பாடகர் வேண்டுமென்றே கொடுப்பது அம்மா, அறை நம்மைக் கேட்டா இழுக்கிறது? 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூட அரங்கில் பேச்சே புரியவில்லை என்று சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். காலி அரங்கில் ஒலி அடங்க ஐந்தரை நொடி. மனிதர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு அளந்தார். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பாது என்பதால் அதையே உறிஞ்சலுக்கு அளவுகோலாக வைத்தார். அறையின் கன அளவு கூடினால் நேரம் கூடும், உறிஞ்சல் கூடினால் குறையும், அவ்வளவுதான் கணக்கு. பெயர் எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: கையேட்டில் ஒலி உறிஞ்சலும் ஒலித்தடுப்பும் கலந்துவிடக் கூடாது. சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டினால் உள்ளே இரைச்சல் அடங்கும், தெருவில் அடிக்கிற ஹாரன் நிற்காது. கான்ட்ராக்டர் இரண்டையும் 'சவுண்ட் ப்ரூஃப்' என்றுதான் பில் போடுவார்.

---

சரி, பாடநூலில் இருப்பதால் என் முடிவு எதிர்முழக்கத்துக்கே. 'எதிர்முழக்க நேரம்' என்றே அனுப்புகிறேன், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. உறிஞ்சல், தடுப்பு இரண்டையும் பிரித்துவிட்டேன்.

---

என் மாற்றுக் கருத்தைப் பதிந்துகொள்க, சிலம்பல்தான் சரி. அப்புறம், எட்டாம் பக்கத்து அட்டவணையில் ஒரு பொருள் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் எண்ணுக்கு 'உறிஞ்சல் கெழு' என்று இருக்கிறதே, பாடநூல்தான் வேதம் என்றால் அங்கே 'உட்கவர்தல்' அல்லவா வர வேண்டும்?