ஆன்லைன் மொத்த விற்பனைத் தளம்: முதல் ஆர்டர் வருகிறது, இரண்டாவது வருவதில்லை. எங்கே தப்பு?

நங்கநல்லூர்_ஓலை

வணக்கம். பனை ஓலைப் பெட்டி விற்கிறேன். மணப்பாடு பக்கம் முடையும் அக்காக்களிடம் மூடி போட்ட வட்டப் பெட்டியாக வாங்கி, இங்கே வீட்டு மாடியில் உள்ளே துணி தைத்து, பிடி வைத்து முடிக்கிறோம். மூன்று வருஷமாக இன்ஸ்டாகிராமில் சில்லறை வியாபாரம். போன ஜூலையில், தனிக் கடைகள் மொத்தமாக வாங்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஆர்டர் நன்றாகவே வந்தது. பெங்களூர், கொச்சி, புதுச்சேரி, நம்ம பெசன்ட் நகர் என்று 14 கடைகள். அதில் 11 கடைகள் இன்றுவரை திரும்பி வரவில்லை.

கையில் நிற்கும் பணமும் பயமுறுத்துகிறது. ஒரு ஆர்டரின் கணக்கு இது, சரக்குக்கான ஜிஎஸ்டியை விட்டுவிட்டு; பைசாவை எழுதவில்லை, அதனால் கூட்டினால் ஓரிரு ரூபாய் முன்பின் இருக்கும். 24 பெட்டி, ஒன்று 270 ரூபாய், மொத்தம் 6,480. கமிஷன் 20 சதவீதம், 1,296. அதன் மேல் ஜிஎஸ்டி 233. தளம் பிடித்துக்கொண்ட வரி: டிசிஎஸ் 32, டிடிஎஸ் 6. கூரியர் 480, அதற்கும் ஜிஎஸ்டி 86. வங்கிக்கு வந்தது 4,345. ஒரு பெட்டி முடிந்து கைக்கு வர 165 ஆகிறது, 24க்கு 3,960. மிச்சம் 385 ரூபாய்! நாலு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்ததற்கு.

கமிஷன்தான் எமனா? விலையை ஏற்றினால் இருக்கிற மூன்று கடையும் போய்விடுமோ என்று பயம்.

அம்பத்தூர்_மெழுகு

அக்கா, கமிஷனை அப்புறம் பார்க்கலாம். கூரியர் 480 எப்படி வந்தது? 24 ஓலைப் பெட்டி என்ன கனம் இருக்கும்?

நங்கநல்லூர்_ஓலை

அட்டைப்பெட்டியோடு ஐந்தரை கிலோ தம்பி. ஆனால் பில்லில் 20 கிலோ என்று போட்டிருக்கிறார்கள், கிலோ 24 ரூபாய். தப்பாக எடை போட்டிருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தேன், சரிதான் என்று பதில் வந்தது.

அம்பத்தூர்_மெழுகு

அவர்கள் சொன்னது சரிதான். கூரியர்காரர் கனத்தையும் பார்ப்பார், அடைக்கும் இடத்தையும் பார்ப்பார், எது அதிகமோ அதற்குக் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுக்க வேண்டும். உங்கள் பெட்டியை அளந்து பாருங்கள்.

நங்கநல்லூர்_ஓலை

40க்கு 40க்கு 60. வகுத்தால் 19.2. அடக்கடவுளே, காற்றுக்குக் காசு கட்டியிருக்கிறேன்.

அம்பத்தூர்_மெழுகு

ஒரே அளவில் 24 அனுப்பாமல் பெரிது, நடு, சின்னது என்று செட்டாகப் போடுங்கள். எங்க பாட்டி வீட்டுப் பரணில் ஓலைப்பெட்டி அப்படித்தான் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று.

பேரேடு

மேடம், நான் கணக்கு எழுதுகிறவன். ஜிஎஸ்டி பதிவு சாதாரண முறையிலா, காம்போசிஷனா (உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாத எளிய முறை)?

நங்கநல்லூர்_ஓலை

சாதாரண முறைதான் சார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல்.

பேரேடு

அப்படியானால் நீங்கள் செலவு என்று எழுதியதில் கொஞ்சம் செலவே இல்லை. கமிஷன் மேல் 233, கூரியர் மேல் 86 இரண்டும் உள்ளீட்டு வரி, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அவர்கள் தரும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

32 ரூபாய், தளம் பிடிக்கும் ஜிஎஸ்டி டிசிஎஸ். 2024 ஜூலைக்கு முன் 1 சதவீதம், இப்போது அரை சதவீதம். அதுவும் உங்கள் பணம்தான். ஆனால் தானாக வந்து விழாது, ஜிஎஸ்டி தளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவு என்ற இடத்தில் போய் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே உங்கள் பெயரில் இருக்கும் ரொக்க லெட்ஜருக்கு (வரி கட்டும் கணக்கு) வரும். நிறைய பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அந்த 6 ரூபாய் வருமான வரி. 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். தனிநபராக விற்கிறீர்கள், அந்தத் தளம் வழியான விற்பனை வருஷத்துக்கு 5 லட்சத்தைத் தாண்டவில்லை, பான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பிடிக்கவே வேண்டியதில்லை. ஆறு ரூபாய்க்காகச் சொல்லவில்லை, தளத்தில் உங்களைத் தனிநபர் என்று சரியாகப் பதியவில்லையோ என்று ஒரு சந்தேகம்.

இதெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 359 திரும்பும். ஆக உங்கள் மிச்சம் 385 இல்லை, 744. பெட்டிக்கு 31 ரூபாய். இதுவும் போதாது, அது வேறு விஷயம்.

வேளச்சேரி_பை

எதற்கு இவ்வளவு கணக்கு? அந்தக் கடைகளின் பெயர் தெரியுமே, நேராகப் போன் போட்டு 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் முடிந்தது.

அம்பத்தூர்_மெழுகு

நான் செய்து பார்த்தேன் அண்ணா. ஒப்பந்தத்தைப் படியுங்கள், தளம் அறிமுகப்படுத்திய கடைக்குத் தளத்துக்கு வெளியே விற்றால் கணக்கை முடக்கலாம் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அதோடு நேரடி என்றால் கடன். ஒரு கடையில் 8,000 ரூபாய் நின்றுபோய், அடையாறுக்கு பஸ் பிடித்து நாலு தடவை போனேன். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) உள்ள சின்ன உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. தராவிட்டால் அதற்கென்றே இருக்கும் அரசுக் கவுன்சிலில் முறையிடலாம். ஆனால் எட்டாயிரத்துக்கு யார் அலைவது? தளம் என்றால் கடைக்காரர் எப்போது கட்டினாலும் எனக்குச் சொன்ன தேதியில் வந்துவிடுகிறது. பாதிக் கமிஷன் அந்த நிம்மதிக்கு.

நீங்களாகப் பழக்கிவைத்த கடையை ஒரு லிங்க் அனுப்பி உள்ளே கொண்டுவந்தால் சில தளங்களில் கமிஷன் குறைவு, அமெரிக்காவின் ஃபேர் (Faire) தளம் மாதிரி சிலவற்றில் கமிஷனே கிடையாது. உங்கள் தளத்தில் உண்டா என்று கேளுங்கள்.

மாடவீதிக்_கடை

நான் எதிர்ப்பக்கம். மயிலாப்பூரில் பரிசுப் பொருள் கடை, இப்படித் தளங்களில் வாங்குகிறவன். அம்மா, இரண்டு கேள்வி. பெட்டியின் எம்ஆர்பி என்ன? இன்ஸ்டாவில் என்ன விலைக்கு விற்கிறீர்கள்?

நங்கநல்லூர்_ஓலை

எம்ஆர்பி 450 அண்ணா. இன்ஸ்டாவில் 349, டெலிவரி இலவசம். தீபாவளிக்குப் போட்ட ஆஃபர், அப்புறம் எடுக்கவே இல்லை.

மாடவீதிக்_கடை

வியாதி அதுதான்.

ஆகஸ்டில் வந்த ஆர்டரில் பாதி நவராத்திரிக்கு. வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வாங்கியிருப்பார்கள். அவர்கள் நவம்பரில் திரும்பி வராததில் ஆச்சரியம் இல்லை, அடுத்த ஆடி முடியும்போது ஞாபகப்படுத்துங்கள்.

மற்றவர்கள் வராததற்குக் காரணம் உங்கள் 349. போன வருஷம் என் கடையில் ஒரு அம்மா ஒரு மரத்தட்டை எடுத்துப் பத்து நிமிஷம் தடவிப் பார்த்தார். கீழே ஒட்டியிருந்த பெயரைப் போனில் தட்டினார், விலையைப் பார்த்தார், தட்டை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாடகை என்னுடையது, லைட் என்னுடையது, வியாபாரம் அவர்களுக்கு! அன்றைக்கே அந்தப் பிராண்டை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். மறுபடி வாங்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. கடைக்காரன் சண்டை போடமாட்டான் அம்மா, பேசாமல் நிறுத்திவிடுவான்.

ஒரு பெட்டிக்கு டெலிவரி உங்களுக்கு என்ன ஆகிறது?

நங்கநல்லூர்_ஓலை

70 ரூபாய் அண்ணா.

மாடவீதிக்_கடை

349இல் 70 போனால் 279. கடைக்கு 270க்குக் கொடுக்கிறீர்கள். கமிஷனை விட்டுப் பார்த்தால் ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம், அதற்காகக் கடைகளைப் பகைத்திருக்கிறீர்கள்.

நங்கநல்லூர்_ஓலை

இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சில்லறை என் பழைய வியாபாரம், மொத்தம் புது வியாபாரம் என்று தனித்தனியாகவே நினைத்திருந்தேன்.

மாடவீதிக்_கடை

இன்ஸ்டாவை மூட வேண்டாம். அதே பெட்டியை அங்கேயும் 450க்கே விற்றுவிட்டு, ஆசையாகத் தள்ளுபடி கொடுக்க வேண்டுமென்றால் கடைக்குக் கொடுக்காத உருப்படியில் கொடுங்கள். பெயர் தைத்துத் தருவது, சீமந்தத்துக்கு நூறு பெட்டி, அப்படி. தள்ளுபடி நாள் வைக்கிறீர்கள் என்றால் கடைகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், நாங்களும் போடுவோம்.

அந்த 11 பேருக்கும் போன் பண்ணுங்கள். ஆர்டர் கேட்காதீர்கள். "பெட்டி எப்படிப் போனது" என்று மட்டும் கேளுங்கள்.

நங்கநல்லூர்_ஓலை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஏழு பேர் போனை எடுத்தார்கள். மூன்று பேர் நவராத்திரிக்கு என்றே வாங்கியவர்கள். இரண்டு பேர் அண்ணா சொன்னதையே சொன்னார்கள், புதுச்சேரிக் கடை மேடம் என் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தே வைத்திருந்தார். காது கூசியது.

மற்ற இரண்டு பேர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. பூஞ்சை. கொச்சிக் கடைக்காரர் படம் அனுப்பினார்: மூடியின் உள்விளிம்பில், துணியும் ஓலையும் சேரும் தையல் ஓரமாக, விபூதி பூசின மாதிரி சாம்பல் கோடு. மழை நாளில் பாலிதீன் கவரில் ஒட்டி அடைத்து அனுப்பிய சரக்கு அது. இரண்டு பேருக்கும் மாற்றுப் பெட்டி அனுப்புகிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

அம்பத்தூர்_மெழுகு

முதலில் பாலிதீனை விடுங்கள் அக்கா, உள்ளே வேர்க்கும். காகிதத்தில் சுற்றுங்கள். துணி வைத்துத் தைத்தபின் ஒரு நாள் முழுக்க மூடி திறந்து காற்றாட வைத்துவிட்டு அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் ஃபேன் போட்டாவது. அட்டைப்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம்.

நங்கநல்லூர்_ஓலை

சரி தம்பி. 349ஐ எடுத்துவிட்டேன், இன்ஸ்டாவிலும் 450. இரண்டு பேர் "ஏன் ஏற்றிவிட்டீர்கள்" என்று திட்டினார்கள், ஒருவர் வாங்கினார்.

செட் போட்டுப் பார்த்தேன். பெரிய பெட்டி எட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு. எட்டும் 40க்கு 40க்கு 20 அட்டைப்பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது. 6.4, அதாவது 7 கிலோ பில், 168 ரூபாய். டிசிஎஸ் வரவில் ஆறு மாதப் பணம் ஏற்காமல் கிடந்தது, பேரேடு சாருக்கு நன்றி. புதுச்சேரி மேடம் நாலு செட் கேட்டிருக்கிறார். நாளைக்கு பிக்கப். காலையில் வெயில் அடித்தால் மூடியெல்லாம் திறந்து வைக்க வேண்டும்.