குடியைக் குறைக்க உதவும் மாத்திரைகள்: முழுவதும் நிறுத்தியவர்களுக்கு மட்டும்தானா?

கேள்வி: முல்லைக்கொடி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 44 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிக்கிறார். அவற்றுள் கடைசி ஐந்து ஆண்டுகளில் குடிக்காத நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, முதல் மிடறு உள்ளே போன பிறகுதான் அந்த நடுக்கம் அடங்குகிறது. சென்ற ஆண்டு தாமாகவே ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். இரண்டாம் நாள் இரவு உடல் முழுவதும் வியர்த்து, உறக்கமே இல்லாமல், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லத் தொடங்கியதும் நான் பயந்துபோய், அவர் கேட்டபடியே மதுவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

இப்போது அவரே, "ஒரேயடியாக விடச் சொன்னால் என்னால் ஆகாது, ஆனால் குறைக்க ஒரு வழி இருந்தால் வருகிறேன்" என்கிறார். நெருங்கிய உறவினர் ஒருவரோ, டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்தால் குடியை அவர் தாமாகவே வெறுத்துவிடுவார் என்று வற்புறுத்துகிறார். அவர் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். முழுவதும் நிறுத்த மனம் வராத ஒருவருக்கு மருந்தால் பயன் உண்டா, இந்த மருந்துகள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன, உறவினர் சொல்வதைச் செய்யலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மருதம் (மனநல மருத்துவர்)

சகோதரி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உயிர் தொடர்பானது. டைசல்பிராமை அவருக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். நாம் அருந்தும் மது கல்லீரலில் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி, அடுத்த படியில் தீங்கற்ற அசெட்டேட்டாக மாறுகிறது. அந்த இரண்டாம் படியை நடத்தும் நொதியை டைசல்பிராம் தடுத்துவிடுவதால், மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தவருக்கு அசெட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கடும் வாந்தியுடன் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். ஏற்கெனவே இரத்த அழுத்தக் கோளாறு உள்ளவருக்கு இந்தச் சரிவு மாரடைப்பிலோ மரணத்திலோ கூட முடியக்கூடும். தனக்கு என்ன நடக்கிறது என்றே அறியாத மனிதர் அதைத் தணிக்க இன்னும் ஒரு வாய் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை இந்த விளைவு நேரலாம். ஆகவே மருத்துவர்கள் அதை நோயாளியின் முழுச் சம்மதத்துடன், குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே தொடங்குகிறோம்.

இனி, நீங்கள் வெட்கத்தோடு சொன்ன அந்த இரவு. நீங்கள் செய்ததில் வெட்கப்பட ஏதுமில்லை. அன்று நீங்கள் கண்டது மது விலகல் நோய். பல ஆண்டுகளாக மதுவின் அமைதிப்படுத்தும் விளைவை ஈடுகட்டத் தன்னை முடுக்கிவைத்துக்கொண்ட மூளை, மது திடீரென்று இல்லாதபோது கட்டுக்கடங்காமல் விழித்தெழுகிறது. நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சித்தம் கலங்கிய சன்னிநிலை தோன்றலாம். இல்லாத பூச்சிகளைக் கண்டது அதன் முன்னறிவிப்பாக இருந்திருக்கக்கூடும். எனவே உங்கள் கணவர் வீட்டிலேயே, துணையின்றி, ஒரே நாளில் நிறுத்துவது கூடாது. மருத்துவக் கண்காணிப்பில் குளோர்டயஸெபாக்சைடு அல்லது டயஸெபாம் போன்ற மாத்திரைகளை முதலில் தேவையான அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸெபாமை விரும்புவோம். கூடவே தைமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகக் கொடுப்பதும் இன்றியமையாதது. அதன் குறைபாடு பார்வைத் தடுமாற்றத்தையும் நடைத் தள்ளாட்டத்தையும் தந்து, கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலையே நிரந்தரமாகப் பறித்துவிடும். இந்தக் கட்டத்து மருந்துகள் விலகலைக் கடப்பதற்கு மட்டுமே. மீண்டும் குடிக்காமலோ குறைவாகவோ இருக்கத் துணைபுரியும் மருந்துகள் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை" என்று சலித்துக்கொள்ளும் குடும்பங்களை அடிக்கடி காண்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. முழுவதும் நிறுத்தாதவருக்கும் மருந்தால் பயன் உண்டு. இவ்வகையில் நீண்ட காலமாகக் கையாளப்படுவது நால்ட்ரெக்சோன். குடிக்கும்போது மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்கள் என்ற இன்பமூட்டும் வேதிப்பொருள்கள், தம்மை ஏற்கும் இடங்களான ஏற்பிகளில் சென்று அமர்வதால்தான் குடித்தவருக்கு அந்த இதம் கிடைக்கிறது. இந்த மருந்து அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால், டைசல்பிராமில் நேர்வதுபோன்ற கடும் எதிர்விளைவு வராது. ஆனால் மது தந்துவந்த பரிசு மங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்கு ஒப்புதல் பெற்ற இந்த மாத்திரையின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 50 மி.கி.; மாதத்திற்கு ஒருமுறை போடும் 380 மி.கி. ஊசி 2006இல் வந்தது. ஐரோப்பாவில் 2013 முதல் நால்மெஃபின் என்ற நெருங்கிய உறவு மருந்து, குறைப்பதையே நோக்கமாகக் கொண்டு, குடிக்க நேரும் என்று தோன்றும் நாட்களில் மட்டும் முன்னதாகச் சாப்பிடும்படி அனுமதிக்கப்பட்டது.

அகாம்ப்ரோசேட் வேறு இயல்புடையது. குடியை நிறுத்திய பிறகு வாரக்கணக்கில் நீடிக்கும் அமைதியின்மையையும் உறக்கக் கேட்டையும் தணித்து, நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்கத் துணைசெய்கிறது. 333 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் நாளுக்கு மூன்று வேளை என்பதால் மறந்துபோகும் வாய்ப்பு அதிகம். வயிற்றுப்போக்கும் சிலருக்கு வரும். சுருங்கச் சொன்னால், குறைக்க விரும்புவோருக்கு நால்ட்ரெக்சோன், நிறுத்திவிட்டுத் தாக்குப்பிடிக்க விரும்புவோருக்கு அகாம்ப்ரோசேட் என்று தொடங்குவோம். ஆயினும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, ஒருவரை மீண்டும் குடிக்காமல் காக்க ஏறத்தாழ 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுக்க வேண்டும். ஒருவரை மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தடுக்க அதேபோல் 12 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுக்க வேண்டும். மருத்துவத்தில் இது சிறிய பலன் அன்று, ஆனால் மந்திரமும் அன்று.

பதில்: கரைசேர்ந்தவன்

நான் நால்ட்ரெக்சோன் சாப்பிட்டவன் என்பதால், மருத்துவர் ஐயா எழுதியது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று சொல்ல விரும்புகிறேன். முதல் நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, மதுவைக் கண்டால் குமட்டும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் கோப்பை சுவையாகவே இருந்தது. மாற்றம் வேறோர் இடத்தில் இருந்தது: முன்பெல்லாம் இரண்டாம் கோப்பை முடியும் முன்பே மூன்றாவதைப் பற்றிய எண்ணம் என்னைப் பிடித்து இழுக்கும், அந்த இழுப்பு மூன்று நான்கு வாரங்களில் தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பாதிக் கோப்பையை மேசையில் மறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன் என்பதை மறுநாள் காலையில் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. மதுவை மறப்பது என்பது என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை.

முதல் பத்து நாட்கள் குமட்டலும் தலைவலியும் இருந்தன. உணவுக்குப் பிறகு சாப்பிடத் தொடங்கியதும் தணிந்தன. மருந்தின் பெரிய பலவீனம், அதை விட்டுவிடுவது மிகவும் எளிது என்பதே. நிறையக் குடிக்க வேண்டும் என்று உள்ளூர முடிவுசெய்த நாட்களில் நான் மாத்திரையை "மறந்தேன்". அதை மறதி என்று மனைவியிடம் சொன்னேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிறகு ஆலோசகரிடம் அதை வாய்விட்டு ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் சிகிச்சை உண்மையாகவே தொடங்கியது என்று இன்று நினைக்கிறேன்.

இன்னொன்று, மறவாதீர்கள். இந்த மருந்து உடலில் இருக்கும்போது மார்ஃபின், டிரமடால், கோடீன் வகை வலிநிவாரணிகள் சரியாக வேலை செய்யா. அவ்வகை மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு வருபவர் அதை நிறுத்திக் குறைந்தது ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் கழியாமல் நால்ட்ரெக்சோனைத் தொடங்கினால் கடுமையான விலகல் துன்பத்துக்கு ஆளாவார். நான் இதை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தேன். விபத்து நேர்ந்து பேச முடியாமல் கிடந்தாலும் மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

பதில்: தென்றல்_மகள்

டைசல்பிராமைப் பற்றி இங்கே எச்சரிக்கை மட்டுமே வந்திருப்பதால், அதனால் மீண்ட ஒருவரின் மகளாகச் சிறிது எழுதுகிறேன். தெரியாமல் கொடுப்பது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என் தந்தை அதைத் தாமே கேட்டு வாங்கினார். "நான் ஒரு நாளைக்கு நூறு முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, காலையில் ஒரே ஒரு முறை முடிவெடுத்தால் போதும் என்று இருந்தால் பிழைத்துக்கொள்வேன்" என்றார். தினமும் காலையில் அம்மாவின் முன்னால், அவரே மாத்திரையை எடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். அம்மா காவல்காரியாக அன்றி, சாட்சியாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குடித்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதே இந்த மருந்தின் வலிமை என்றும், ஆகவே எந்த மாத்திரை என்று அறியாமல் சாப்பிடும் ஆய்வுகளில் அதன் பலன் வெளிப்படுவதில்லை என்றும் எங்கள் மருத்துவர் விளக்கினார். அப்படியானால் உணவில் மறைத்துக் கலப்பவர்கள், ஆபத்தை மட்டும் வைத்துக்கொண்டு பலனை வெளியே எறிந்துவிடுகிறார்கள்.

ஒருமுறை இருமலுக்கு வாங்கிய மருந்தில் ஆல்கஹால் இருந்ததைக் கவனிக்காமல் அவர் குடித்துவிட, அரை மணி நேரம் முகம் சிவந்து மூச்சு வாங்கியபடி கிடந்தார். வாய் கொப்பளிக்கும் திரவம், சில சமையல் சாறுகள் ஆகியவற்றிலும் ஆல்கஹால் இருக்கும் என்பதால் லேபிளைப் படிக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. கல்லீரல் பரிசோதனையையும் விடாமல் செய்துவந்தோம்; அரிதாக இந்த மருந்தே கல்லீரலைக் கடுமையாகத் தாக்குவதுண்டு.

முல்லைக்கொடி

உங்கள் மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கணவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். உறவினரின் யோசனையையும் மறைக்காமல் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கலக்காமல் என்னிடம் கேட்டாயே" என்றார். மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிட்டோம். பழைய இரத்தப் பரிசோதனை ஒன்றில் கல்லீரல் நொதிகள் கூடுதலாக இருந்ததாக எழுதியிருக்கிறது. அப்படியானால் நால்ட்ரெக்சோன் ஆகாதா? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? அதுவரை அவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மருதம்

நொதிகள் சற்றுக் கூடியிருப்பது தடையாகாது. குடி குறையும்போது அவை பெரும்பாலும் தாமே இறங்கும். கடுமையான கல்லீரல் அழற்சியோ, கல்லீரல் செயலிழப்போ இருந்தால் நால்ட்ரெக்சோனைத் தவிர்ப்போம். அப்போது, கல்லீரலை நம்பாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் அகாம்ப்ரோசேட் கைகொடுக்கும். ஆனால் சிறுநீரகம் வெகுவாகப் பழுதுபட்டவர்களுக்கு அது கூடாது. கல்லீரல் இறுகியவர்களிடம் ஆராயப்பட்ட பேக்லோஃபென் என்ற மருந்தும் உண்டு. பிரான்ஸ் நாடு 2018இல் அதைக் குடிநோய்க்கென நாளுக்கு 80 மி.கி. வரம்புடன் அனுமதித்தது. மயக்கம் தரும் மருந்து என்பதால், குடித்துக்கொண்டே சாப்பிட்டால் ஆபத்து. வலிப்பு நோய்க்கான மருந்துகளான டோபிராமேட், கபாபென்டின் ஆகியவையும் சிலருக்கு எழுதப்படுகின்றன. உடல் எடைக்கும் நீரிழிவுக்கும் தரப்படும் செமாக்ளூடைடு குடி வேட்கையைக் குறைப்பதாக 2025இல் 48 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு வெளியானது. அதைக் கேட்டு வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்தைத் தொடரச் சொல்வோம். ஆலோசனையும் உடன் நடந்தால் மாத்திரையை விடாமல் சாப்பிடுவோர் அதிகம். இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: காலை நடுக்கமும் சென்ற ஆண்டின் அந்த இரவும் இருக்கையில், குறைத்துக் குடித்தல் என்ற இலக்கு அவருக்கு நிலைப்பது கடினம். ஆயினும் அவர் ஏற்கும் இலக்கிலிருந்துதான் தொடங்க முடியும். குறைக்க வந்தவர்கள், தெளிவு திரும்பிய பிறகு நிறுத்தும் முடிவுக்குத் தாமே வந்துசேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவரைக் காணும் நாள்வரை அவர் திடீரென்று நிறுத்த வேண்டாம், வழக்கத்தைவிடக் கூட்டவும் வேண்டாம். அன்றாடம் எத்தனை மணிக்கு, எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒரு தாளில் அவரே குறித்து வரட்டும். இரத்த அழுத்த மாத்திரையின் பெயர், பழைய பரிசோதனை அறிக்கை, வலிநிவாரணி எதுவும் எடுக்கிறாரா என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அந்த இரவில் கண்ட பூச்சிகளைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் நினைவில் அது இருக்காமல் போகலாம். இடையில் வலிப்போ, சித்தக் கலக்கமோ, காய்ச்சலுடன் கூடிய கடும் நடுக்கமோ வந்தால் நாள் குறித்திருப்பதைப் பார்த்துக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.