வாக்னர் கோட்டையா, ஏழு டாலரா?

கரிசல்காரன்:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் கறுப்பினப் படைப்பிரிவான 54ஆவது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை என்றாலே 1863 ஜூலை 18 இரவைத்தான் எல்லாரும் பேசுகிறோம். இரண்டு நாளாகச் சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாத கறுப்பின வீரர்களை, சார்ல்ஸ்டன் அருகே தெற்குத் தரப்பின் வாக்னர் கோட்டைமேல் முதல் வரிசையில் ஏவினார்கள். போனது சுமார் 600 பேர். செத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என 272 பேர். கோட்டை விழவில்லை. செப்டம்பரில் முற்றுகை தாங்காமல் எதிரிகளே அதைக் காலி செய்தார்கள். இது வீண்பலி. இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

நெய்தல்:
வீண் என்று சொல்லாதீர்கள் அண்ணா. கறுப்பர்கள் களத்தில் நிற்க மாட்டார்கள் என்று வடக்கிலேயே பலர் நம்பிய காலம் அது. கொடி பிடித்தவர் சாய்ந்ததும் வில்லியம் கார்னி அதை வாங்கிக்கொண்டு மதில்வரை ஏறினார். பல காயங்களோடு திரும்பியபோதும் கொடியை மண்ணில் விடவில்லை. அவருக்குப் பதக்கம் கிடைத்தது 1900இல்தான்!

கரிசல்காரன்:
கார்னியைக் குறை சொல்வேனா தம்பி? ஆனால் உயிரைக் கொடுத்துத்தான் தன்னை நிரூபிக்க வேண்டுமா? எனக்கு அவர்களுடைய சம்பளப் போராட்டம்தான் பெரிது. வெள்ளை வீரருக்கு உண்டான மாதம் 13 டாலர் தருவதாகச் சொல்லிச் சேர்த்தார்கள். கொடுக்க வந்தது 10. அதிலும் துணிக்கு 3 பிடித்தம்; கைக்கு ஏழுதான். ஒருவரும் கைநீட்டவில்லை. மீதியை மாநிலமே தருகிறோம் என்றபோதும் மறுத்தார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் கஷ்டப்பட, சுமார் 18 மாதம்!

நெய்தல்:
சரி, ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தச் செப்டம்பரில் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் படைவீரர்களா, கூலியாட்களா என்று கேட்டார். வாக்னரில் சிந்திய ரத்தம்தானே அந்தக் கேள்விக்கு எடை கொடுத்தது?

மழைக்காலம்:
நடுவில் வருகிறேன். 1864 ஜூனில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கே முழு பாக்கி. தப்பி வந்த அடிமைகள் என்ன செய்வார்கள்? படையின் தலைவர் கர்னல் ஹாலோவெல் ஓர் உறுதிமொழி எழுதினார்: அந்தத் தேதிக்கு முன் கூலியில்லாத உழைப்பை நான் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. அடிமை உழைப்பு நியாயமான கடனே அல்ல என்பதால், அடிமையாக இருந்தவரும் பொய் சொல்லாமல் அதைச் சொல்லிச் சத்தியம் செய்ய முடிந்தது.

கரிசல்காரன்:
அருமை, இது எனக்குப் புதிது. அப்புறம் தம்பி, உங்கள் கட்சிக்கே நான் ஒன்று தருகிறேன். 1864 பிப்ரவரியில், புளோரிடாவின் ஒலஸ்டீயில், அந்த ஏழு டாலரைச் சொல்லிக் கூவிக்கொண்டே களத்தில் இறங்கினார்கள். தோற்றுத் திரும்பும்போது காயப்பட்டவர்கள் இருந்த ரயிலின் எஞ்சின் பழுதானது. சம்பளமே வாங்காத இவர்கள்தான் கயிறு கட்டிப் பல மைல் இழுத்து வந்தார்கள்.