மறு: பாடத்தை வேற ஆதரிங் டூலுக்குக் கொண்டுபோறதுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

நம்ம இ-லேர்னிங் கலைச்சொல் பட்டியலுக்கு, ஒரு ஆதரிங் டூல்ல (பாடம் தயாரிக்கிற மென்பொருள்) கட்டின பாடத்தை வேற டூலுக்குக் கொண்டுபோறதை என்னன்னு சொல்றதுங்கிற பேச்சுக்கு இது என் பதில்.

> மெனுவுல 'ஏற்றுமதி'ன்னு ஏற்கெனவே இருக்கு, அதையே வச்சுக்கலாமே?

பொதுவான மென்பொருளுக்கு வச்சுக்கலாம். ஆனா இ-லேர்னிங்ல அந்தச் சொல் ஆளைத் தப்பான பட்டனுக்கு அனுப்பிடுது. பாடத்தை ஏற்றுமதி பண்ணிக் குடுங்கன்னு கேட்டா பப்ளிஷ் பண்ணி ஒரு ஸ்கார்ம் (SCORM) வடிவ ஜிப்பைக் குடுத்துடுறாங்க, அதைப் பிரிச்சா மேனிஃபெஸ்ட் கோப்பு ஒண்ணு, எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், படம், ஆடியோ, அவ்வளவுதான். எல்எம்எஸ்ல, அதாவது மாணவர்கள் பாடம் படிக்கிற தளத்துல, ஓட அது போதும். 2001ல வந்த ஸ்கார்ம் 1.2 காலத்துலேர்ந்தே அது பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கிறதுக்கான ஏற்பாடு, இன்னொரு டூல்ல திறந்து திருத்துறதுக்கு இல்ல. லேயர் (ஸ்லைடு மேல வர்ற அடுக்கு), டிரிகர் (இதை அழுத்தினா இது நடக்கணும்ங்கிற கட்டளை), டைம்லைன் எதுவும் திருத்துற வடிவத்துல அதுக்குள்ள கிடைக்காது. மூலக் கோப்பை யாரும் பத்திரப்படுத்தலைன்னா மொத்தப் பாடத்தையும் திரும்பக் கட்டணும்.

அதனால பப்ளிஷுக்கு 'வெளியீடு' இருக்கட்டும். மூலத்தையே வேற டூலுக்குக் கொண்டுபோறதுக்கு நான் முன்வைக்கிறது 'கருவிபெயர்ப்பு'. மொழிபெயர்ப்பு மாதிரியே அமைஞ்ச சொல், அதுல எல்லாமே அப்படியே வந்துடாதுங்கிற எதிர்பார்ப்பும் கூடவே வருது, இங்க அது ரொம்ப முக்கியம்.

> 'இடப்பெயர்வு' போதாதா?

அது மக்கள் ஊரை விட்டுப் போறதோட ஒட்டிப்போன சொல். சர்வர் மாத்துறதுக்கும் அதைத்தான் சொல்றோம். இங்க கோப்பு இருக்கிற இடம் மாறல, கருவி மாறுது.

'கருவிபெயர்ப்பு'க்கு நடுவுல ப் போடணுமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம்னு நினைக்கிறேன், 'கருவிப்பெயர்'னு ஆரம்பிச்சா கருவியோட பேர்னு படிச்சிடுவாங்க, மொழிபெயர்ப்புலயும் நாம ப் போடுறதில்லையே.

கருவிபெயர்ப்புக்கு முன்னாடி செய்யுற வேலைக்கு 'பெயர்ப்பு ஆயத்தம்'. விளக்கத்துல என்னென்ன வரணும்னா, படம் ஆடியோவோட அசல் கோப்புகளைத் தனி ஃபோல்டர்ல எடுத்து வைக்கிறது, கேள்விகளைக் க்யூடிஐ (தேர்வுக் கேள்விகளைப் பரிமாறுறதுக்கான பொது வடிவம்) வடிவத்துல எடுக்க முடியுமான்னு பாக்குறது, பாமினி மாதிரி பழைய எழுத்துருல இருக்கிற உரையை யூனிகோடுக்கு மாத்துறது (இதை விட்டுட்டா புது டூல்ல வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும்). இதைவிடப் பெரிய வேலை டிரிகர், வேரியபிள் (மதிப்பெண் மாதிரி மாறுற மதிப்பு) எல்லாத்தையும் எழுதி வைக்கிறது, எந்த பட்டனை அழுத்தினா எந்த நிபந்தனையில எந்த லேயர் வரும்னு ஒரு அட்டவணையா, ஏன்னா டூலுக்கு டூல் அந்த லாஜிக்கை வைக்கிற விதமே வேற, பெரும்பாலும் கையாலதான் திரும்பப் போடணும். எக்ஸ்லிஃப்னு ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு எடுத்துட்டா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது உரையை மொழிபெயர்த்து அதே ப்ராஜெக்டுக்குள்ள திரும்ப ஏத்துறதுக்கு, இன்டராக்‌ஷனைச் சுமந்துட்டுப் போகாது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஹெச்5பி (தளத்துக்குள்ளேயே இன்டராக்டிவ் உள்ளடக்கம் செய்யுற டூல்) கோப்பை இறக்கி, அதே உள்ளடக்க வகை இருக்கிற இன்னொரு தளத்துல ஏத்தினா அங்கேயே திருத்தலாம். வெளியீடா கருவிபெயர்ப்பா? ரெண்டுமே இல்லன்னுதான் தோணுது, கருவி மாறலையே, அதை வெறும் 'இறக்கி ஏற்றல்'னு விட்டுடலாம்.

வினையா எழுதும்போது 'கருவிபெயர்த்தோம்'னு வரும், கொஞ்சம் நீளம்தான், ஆனா சூழல் தெளிவா இருந்தா 'பெயர்த்தோம்' போதும். மறுப்பு இருக்கிறவங்க எழுதுங்க, குறிப்பா தினமும் ஸ்டோரிலைன், கேப்டிவேட் மாதிரி ஆதரிங் டூல்ல வேலை பாக்குறவங்க. அவங்க வாயில வராத சொல்லைப் பட்டியல்ல சேர்த்து என்ன பண்ண?