நம்ம கையை மீறிப் போன கேரக்டர்கள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வெயிலூரான்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்க ரோல்ப்ளே குழுவுல 11 பேர். ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கிட்டு, மாத்தி மாத்திப் பதிவு போட்டு ஒரே கதையை எழுதுவோம். எல்லாரும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம்தான். கதை நடக்கிற இடம் வேலூர்க் கோட்டை. 1806 ஜூன்ல தொடங்கி ஜூலை 9 ராத்திரியோட நிறுத்தணும்னு பேச்சு. 10-ம் தேதி விடியறதுக்குள்ள சிப்பாய்ங்க கிளர்ந்து எழுந்தது, ஆற்காட்டுல இருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்தது, அதுக்கப்புறம் நடந்த கொலை எல்லாம் எங்க கதைக்கு வெளியே.

இதுல ஒரு தலைவலி. முடிவு என்னன்னு எழுதுற 11 பேருக்கும் தெரியும், கேரக்டருக்குத் தெரியக் கூடாது. ஆனா முதல் வாரத்துலயே எல்லாருமே தீர்க்கதரிசி ஆயிட்டாங்க. வெள்ளாவி வைக்கிறவர்கூட ஜூன் மாசமே மூட்டை கட்டுறார்! ஏன்யா கிளம்புறன்னு கேட்டா "மனசு சரியில்ல"ன்றார். எழுதுறவனுக்குத் தெரிஞ்சதைக் கேரக்டர் தலையில ஏத்துறதுக்கு மெட்டாகேமிங்னு பேரு. புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செய்வாங்க.

நான் எடுத்துக்கிட்டது முஸ்தபா பேக். நிஜமா இருந்த சிப்பாய். புதுத் தலைப்பாகை, நெத்தியில குறி வைக்கக் கூடாது, காதுல கடுக்கன் போடக் கூடாதுன்னு வந்த உத்தரவுங்களால உள்ளே புகைஞ்சுக்கிட்டிருக்குன்னு ஜூன்லயே வெள்ளைக்கார அதிகாரிகிட்ட போய்ச் சொன்னவர். விசாரிக்க உக்காந்த இந்திய அதிகாரிங்க இவனுக்குப் பைத்தியம்னு சொல்லி அடைச்சு வெச்சிட்டாங்க. காட்டிக் கொடுத்தவன் வேஷம்தானே, சுலபமா எழுதிடலாம்னு நெனச்சேன். மூணாவது பதிவுலயே மாட்டிக்கிட்டேன். விசாரிக்கிற ஜமேதாரா எழுதுற தம்பி ஒரே ஒரு கேள்வி போட்டான்: "இதைச் சொல்றதால உனக்கு இன்னா லாபம்?"

ரெண்டு நாள் பதில் போடல. எனக்கே தெரியல.

மூணாவது நாள் காட்பாடி ஜங்ஷன்ல ரயிலுக்கு நிக்கிறேன். அழுக்கு வேட்டி, கையில ஒரு கோணிப்பை, ஒரு பெரியவர் வர்றார். "பிளாட்பாரம் மாத்திட்டாங்க, அந்தப் பக்கம் போங்க"ன்னு எங்க பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். யாரும் அசையல. பக்கத்துல இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார், நானும் சிரிச்சேன். அவர் இன்னொரு தடவை சொல்லல, கெஞ்சல, கோவிச்சுக்கல. படி ஏறிப் போய்ட்டார். மைக்ல சொன்னது கூட்டத்துச் சத்தத்துல எங்க காதுல விழலைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. நான் படி ஏறி ஓடறதுக்குள்ள வண்டி நகர்ந்திடுச்சு. அவர் ஜன்னலோரமா உக்காந்திருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

அன்னிக்கு ராத்திரி ஜமேதாருக்குப் பதில் எழுதினேன்: "லாபம் இல்லீங்க. தெரிஞ்சுது, சொன்னேன்." அதுவரைக்கும் நான் எழுதின முஸ்தபா பேக் பக்கம் பக்கமா வசனம் பேசிக்கிட்டிருந்தார். அதுக்கப்புறம் ரெண்டு வரிக்கு மேல பேச மாட்டேன்னுட்டார்.

கொசப்பேட்டை பையன்:

அதே குழுதான் நானும். அண்ணன் ஒண்ணை மறைக்கிறார். ஆரம்பத்துல எங்க கோட்டையில சாதாரண ஆளே கிடையாது. பொண்ணுங்க எல்லாம் பேரழகி, பசங்களுக்கு ஏழு பாஷை தெரியும், வாள் சுத்துவாங்க, குறி தவறாது. இந்த மாதிரி குறையே இல்லாத கேரக்டருக்கு மேரி சூன்னு பேரு. 1973-ல பாலா ஸ்மித்ன்ற அம்மா ஒரு ரசிகர் பத்திரிகையில கிண்டலுக்கு எழுதின கதையில இருந்து வந்தது. நாங்க 2 வாரத்துல 9 மேரி சூ உற்பத்தி பண்ணினோம்.

இன்னொண்ணு. நான் ஜலகண்டேஸ்வரர் கோயில் மணி அடிக்குது, தீபாராதனை நடக்குதுன்னு உருகி உருகி எழுதிட்டேன். உடனே ஒருத்தர் ரெட்டை அடைப்புக்குறி போட்டுட்டார் (எங்க குழுவுல அடைப்புக்குறிக்குள்ள பேசினா ஆள் பேசுறது, வெளியே பேசினா கேரக்டர் பேசுறது): "((தம்பி, 'சாமியில்லாக் கோயில்'னு நம்ம ஊரைச் சொல்லுவாங்களே, கேட்டதில்லையா? 1981-லதான் அங்க மறுபடியும் லிங்கம் வெச்சாங்க.))" மானம் போச்சு. அழிச்சிடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள தயிர்க்காரம்மாவா எழுதுற அக்கா அடுத்த பதிவைப் போட்டுட்டாங்க: "இன்னாடா மணி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே." அன்னியில இருந்து என் கேரக்டர் இல்லாத மணியைக் கேக்குற ஆளா ஆயிட்டான். ஜுரமா, பயமா, சாமியான்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பண்ணின தப்புதான் அவன்கிட்ட இருக்கிற ஒரே நல்ல விஷயம்.

படுகளம்:

நமக்கு ஆரணிப் பக்கம். எங்க தாத்தா கூத்துக்காரர், துரியோதனன் வேஷம் கட்டுவார். நீங்க ரோல்ப்ளேன்னு சொல்றதைப் பார்த்தா எனக்கு அந்த ஞாபகம்தான் வருது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினா விடியற வரைக்கும் போகும். பாட்டு மனப்பாடம், மிச்ச பேச்செல்லாம் அங்கயே கட்டுறது. திரைக்குப் பின்னாடி நின்னுகினு ராஜா வரார்னு தன்னைப் பத்தித் தானே பாடிகினு வருவாங்க. கோமாளியா வர்ற கட்டியக்காரன் நடுவுல பூந்து "ராஜாவே, வீட்ல அரிசி வாங்கிப் போட்டியா"ன்னு கேப்பான். அதுக்கும் ராஜாவாவே பதில் சொல்லணும், சிரிச்சா போச்சு.

எங்க ரோல்ப்ளே குழுவுல ஒரு ஆள் எழுதுவார்: "என் வாள் அவன் தோளில் இறங்கியது. அவன் அலறி விழுந்து மன்னிப்புக் கேட்டான்." யோவ், அது என் கேரக்டர்யா! விழறதா வேணாமான்னு நான்தானே சொல்லணும்? வெட்ட ஓங்கினேன்னு எழுதிட்டு நிறுத்தணும், மிச்சம் எதிராளி கையில. இதை காட்மோடிங்னு திட்டுறாங்க. எங்க தாத்தா இங்கிலீசு பேரெல்லாம் வெக்கல. "பீமன் அடிக்கலாம், துரியோதனன்தான் உழணும்"னுவார். எதிர்வேஷத்துக்காரன் வாயில இருக்கிற பேச்சைப் புடுங்குற ஆளை அவர் செட்டுல சேக்கவே மாட்டார்.

இப்போ என் விஷயம். போன வருஷம் என் கேரக்டருக்கும் ஒரு சிநேகிதன் கேரக்டருக்கும் ஆறு வாரம் சண்டை. கதையில பங்காளித் தகராறு, நல்லாத்தான் போய்கினு இருந்துச்சு. ஒரு நாள் கடைத்தெருவுல அவனைப் பார்த்தேன், டீ குடிக்கக் கூப்பிட்டான். எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே புடிக்கல. அவன் எனக்கு ஒண்ணும் பண்ணலை, அவன் கேரக்டர் என் கேரக்டர் நிலத்தை எழுதி வாங்கிகிச்சு, அவ்ளோதான். வேலை இருக்குதுன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். வேஷத்தோட கோவம் ஆள் மேல ஒழுகுறதை 'ப்ளீட்'ன்றாங்க. ரோல்ப்ளே பண்றவங்க பாதிப் பேருக்கு இது வந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டாங்க.

தாத்தா ஒரு பழக்கம் வெச்சிருந்தார். துரியோதனன் உழற படுகளம் முடிஞ்சு கிரீடம், புஜகட்டையெல்லாம் இறக்கி வெச்சதும் ஒரு சொம்புத் தண்ணி குடிப்பார். அது வரைக்கும் யார் கூப்பிட்டாலும் பேச மாட்டார், பாட்டி கூப்பிட்டாலும்தான். சின்னப் புள்ளையில களைப்புன்னு நெனச்சேன். இப்போ எழுதி முடிச்சதும் நானும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறேன். அந்த சிநேகிதன்கிட்டயும் சொல்லிட்டேன். சிரிச்சான், டீக்குக் காசு என்னையே குடுக்க வெச்சான்.

ரிசப்ஷன் அக்கா:

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல 8 வருஷமா ரிசப்ஷன்ல இருக்கேன். வர்றவங்க பாதிக்கு மேல கல்கத்தா, அஸ்ஸாம், வங்கதேசம். இந்தத் தெருவுல பெங்காலி போர்டு இல்லாத கடையைத் தேடணும்.

எங்க குழுவுல எழுதுறது இந்தக் காலத்துக் கதை. மகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பெங்காலி அப்பா கேரக்டரை நான் எடுத்துக்கிட்டேன். பதிவுக்குப் பதிவு அழ வெச்சேன். கல்கத்தாவுல வேலை பார்த்துட்டு வந்த ஒருத்தர், "அக்கா, இந்த ஆள் சாப்பிடவே மாட்டாரா?"ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கவுன்ட்டர்ல நிக்கிறவங்களை ஒழுங்காப் பார்க்க ஆரம்பிச்சேன்.

அந்த மாசம் ஒருத்தர் தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. மீன்தான் பேச்சு. இங்க கிடைக்கிற மீனு மீனே இல்லன்னு தினமும் சண்டை. தமிழ்ல நாலே வார்த்தை கத்துக்கிட்டார்: எவ்ளோ, வேணாம், கொறைங்க, அக்கா. முள்ளுக் கத்திரிக்காயைக் கையில உருட்டி உருட்டிப் பார்த்துட்டு, இதாவது உருப்படின்ற மாதிரி தலையாட்டுவார். ஒரு நாள் பை நெறைய வாங்கிட்டு வந்து பாதியைக் கவுன்ட்டர்ல வெச்சிட்டு மாடிக்குப் போய்ட்டார். அன்னிக்கு ரிப்போர்ட் வந்த நாள்னு ரூம் பையன் சொன்னான்.

அவரை அப்படியே எடுத்து எழுதல. ஊரை மாத்தினேன், வியாதி என்னன்னே எழுதல. அவர் கதை அவருது. மீன் சண்டையை மட்டும் எடுத்துக்கிட்டேன். என் கேரக்டர் இப்போ அழறதே இல்ல. படிக்கிறவங்க அழறாங்களாம்.

வெயிலூரான்:

எங்க கதை நேத்து ராத்திரி முடிஞ்சுது. ஜூலை 9. அரண்மனையில திப்பு பொண்ணு கல்யாணக் கூட்டம், எல்லாரும் அந்தச் சத்தத்தை எழுதிக்கிட்டிருந்தாங்க. மணி கேக்குற பையன் முதல் தடவையா மணி கேக்கலைன்னு எழுதினான். எங்க கதையில முஸ்தபா பேக் இன்னும் விலங்கோட உள்ளேதான். கடைசி டர்ன் எனக்கும் ஜமேதாருக்கும்.

ஜமேதார் கையில ஒரு குவளைத் தண்ணியோட உள்ளே வர்றார். கூடவே தம்பி அடைப்புக்குறிக்குள்ள, "((அண்ணா, என் ஆள் இப்போ உங்களை நம்புறான். ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டான்))"ன்னு போட்டிருந்தான்.

என் மனசுல 20 வரி இருந்துச்சு. ஓடிப் போ, உன் பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டு இப்பவே போ, நாளைக்கு மத்தியானம் நீ இருக்க மாட்டேன்னு. எனக்குத் தெரியும், முஸ்தபா பேக்குக்குத் தெரியாது. அரை மணி நேரம் எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில போட்டது: "தண்ணி சூடா இருக்குதுங்க."

படுகளம்:

நீ தண்ணி குடிச்சியாபா?

வெயிலூரான்:

குடிச்சேண்ணா. ரெண்டு டம்ளர்.