பாதி ஏற்றத்திலேயே முன்கை கல்லாகிவிடுகிறது, ஏன்?

சுண்ணாம்புக்கை:
பத்து கிலோமீட்டர் அசராமல் ஓடுவேன். ஆனால் பாறை ஏறும்போது, கயிறு மாட்ட அடித்துவைத்த ஏழெட்டு போல்ட் தாண்டியதும் முன்கை இறுகி, விரல் தானாகத் திறந்துகொள்கிறது. நேற்று இறங்கியபின் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. இதயமும் படபடவென்று அடிக்கிறது. தெம்பு போதவில்லையா?

பழையகயிறு:
தெம்பு இருக்கிறது, ரத்தம்தான் போகவில்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விடாமல் இறுக்கினால் அவை தங்கள் ரத்தக் குழாய்களையே நசுக்கிவிடும். இதயத்துடிப்பு எகிறுவதற்கும் இந்த அசையாப் பிடி ஒரு காரணம். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. அதனால் ஓட்டப் பயிற்சி இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. நல்ல பிடி கிடைத்தால் ஒரு கையை நீட்டித் தொங்கி, மற்றதைத் தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் மாற்றி மாற்றி உதறுங்கள். முதல் வருஷம் முழுக்க நான் பயத்திலேயே இருமடங்கு இறுக்கிப் பிடித்தேன், அது வேறு கதை.

சுண்ணாம்புக்கை:
சரி, அப்போ விரல் வலுவுக்காகத் தொங்கிப் பழகும் விரல் பலகையில் தினமும் தொங்கலாமா?

மோதிரவிரல்:
வேண்டாம். தசை சீக்கிரம் தேறும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். எனக்கு ஒருநாள் மோதிர விரலில் ‘டப்’ என்று கேட்டது. நாணை விரல் எலும்போடு ஒட்டிப் பிடித்துவைக்கும் ஏ2 என்ற வளையம் காயப்பட்டுவிட்டது. மூன்று மாதம் கீழே நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடித்தேன்.